நிறம் ஏறாத செல்கள்: புற்று எனச் சந்தேகிக்கப்பட்ட ஒரு கருப்பைத் தசைக்கட்டி

திசுவை மெழுகில் பதித்த மூன்று பாரஃபின் பிளாக், நான்கு கண்ணாடி ஸ்லைடு, மடித்த இடமெல்லாம் நைந்துபோன ஒரு ரிப்போர்ட். இவற்றைப் பஞ்சு வைத்த ஒரு மாத்திரை டப்பாவில் பொதிந்து, பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கடலூரில் பஸ் மாறிப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்திருந்தார் நோயாளியின் கணவர். ரிப்போர்ட்டின் கடைசி வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டிருந்தார். லியோமயோசார்கோமா, அதாவது கருப்பைத் தசையில் வரும் புற்று இருக்கலாம் என்று அந்த வரி சொன்னது.

"மறுபடியும் ஆபரேஷன் பண்ணி சினைப்பையையும் எடுக்கணும், அப்புறம் கீமோன்றாங்க டாக்டரம்மா. சின்னப் பொண்ணுக்கு இப்பதான் பதினொன்னு ஆவுது" என்றார்.

திசுக்களைப் பார்த்து நோயைச் சொல்லும் நோய்க்கூறியல் என் தொழில். என் மேசைக்கு நோயாளி வருவதில்லை, அவர் உடலின் ஒரு துண்டுதான் வரும். இந்த நோயாளியை நான் பின்னால் சந்தித்தேன். சந்திக்காமல் இருந்திருந்தால் பாதி உண்மையோடு கோப்பை மூடியிருப்பேன். குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

நோயாளியின் கதை

வயது 34. இரண்டு பிள்ளைகள். முந்திரிக்கொட்டை உடைக்கும் கூலி வேலை. குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சின்ன முந்திரித் தோப்பு இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயலில் மரங்கள் வேரோடு சாய்ந்தபின், அடுத்தவர் கொட்டையை உடைக்கப் போக ஆரம்பித்தார்.

மூன்று ஆண்டுகளாக மாதவிடாயில் அளவுக்கு மீறிய ரத்தப்போக்கு. ஒவ்வொரு மாதமும் எட்டுப் பத்து நாள். ஹீமோகுளோபின் 7.2-க்கு இறங்கியிருந்தது. ரத்தம் நிற்க ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையை எட்டு மாதமாக விட்டுவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார். இந்த மாத்திரை பின்னால் நம் கதைக்குள் வரும். ஸ்கேனில் கருப்பையின் முன்சுவரில் 9 சென்டிமீட்டர் கட்டி ஒன்று, கூடவே மூன்று சின்னக் கட்டிகள். கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றி, வயிற்றைத் திறந்து கருப்பையை முழுசாக எடுத்தார்கள். சினைப்பைகளை விட்டுவைத்தார்கள்.

முழுசாக எடுத்தது நல்லதாயிற்று. லேப்ராஸ்கோப்பி வழியாகக் கட்டியை உள்ளேயே துண்டு துண்டாக அரிந்து வெளியே எடுக்கும் கருவி உண்டு. கட்டி புற்றாக இருந்தால் அதன் துணுக்குகள் வயிறெங்கும் சிதறி விதை போட்டுவிடலாம். நார்க்கட்டி, அதாவது கருப்பைத் தசையில் வரும் சாதுவான கட்டி என்று நினைத்து அறுவை செய்யப்படும் பெண்களில் 350 பேருக்கு ஒருவரிடம் எதிர்பாராத சார்கோமா இருக்கலாம் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014-ல் எச்சரித்தது. பிறகு வந்த கணக்கெடுப்புகள் அதைவிடக் குறைவாகவே சொல்கின்றன. ஆனாலும் அறுவைக்கு முன் இரண்டையும் உறுதியாகப் பிரித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை.

எதை வைத்துப் பிரிக்கிறோம்

நார்க்கட்டி அவ்வளவு சாதாரணம். அமெரிக்காவில் ஸ்கேன் செய்து பார்த்த ஓர் ஆய்வில் 50 வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் சுமார் 70 விழுக்காட்டினருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கும் அது இருந்தது. தசைப் புற்று மிக அரிது. கருப்பைப் புற்றுகளிலேயே நூறில் ஒன்றிரண்டுதான். ஒரு புரதம் திசுவில் இருந்தால் அந்த இடம் பழுப்பாக நிறமேறும்படி செய்து பார்ப்பது எங்கள் வழக்கம். இரண்டும் ஒரே மாதிரித் தசைச் செல்லின் சாயலில் இருப்பதால், தசையைக் காட்டும் டெஸ்மின், கால்டெஸ்மான் போன்ற புரதங்கள் இரண்டிலும் நிறமேறும். அவை இங்கே எதையும் பிரிக்காது.

பிரிப்பதற்கு 1994-ல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 213 கட்டிகளைப் பின்தொடர்ந்து வகுத்த மூன்று கேள்விகளைத்தான் இன்னும் கேட்கிறோம். செல்களின் உட்கரு கோரமாக மாறியிருக்கிறதா? எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன? கட்டிச் செல்கள் தாமாகச் செத்துக் கிடக்கும் பகுதி உண்டா? உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வகைப்பாடு, செல் பிரிதலுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 4 அல்லது அதற்கு மேல் என்று வரம்பு வைக்கிறது. பழைய கணக்கில் அது பத்துப் புலத்துக்குப் பத்து; மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வையில் தெரியும் வட்டம்தான் புலம். மூன்றில் இரண்டுக்கு ஆம் என்றால் புற்று. நடுவில் மாட்டிக்கொள்பவற்றுக்கு ஸ்டம்ப் என்று பெயர். எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத கட்டி என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்த வார்த்தையை ரிப்போர்ட்டில் எழுதும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கனக்கும். ஒரு பெண்ணை ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் அறை வாசலில் உட்கார வைக்கும் வார்த்தை அது.

முதல் பார்வையும் பி16-ம்

நான்கு ஸ்லைடுகளில் மூன்று வழக்கமான ஹெமட்டாக்ஸிலின், இயோசின் நிறமிட்டவை. முதல் ஸ்லைடைப் பார்த்ததும் நானும் பயந்தேன். சாதாரணத் தசைச் செல்லின் உட்கரு சுருட்டு மாதிரி ஒடுங்கி நீண்டிருக்கும். இதில் நான்கைந்து மடங்கு பெருத்து, ஒரே செல்லுக்குள் பல உட்கருக்கள் திரண்டு, மை கொட்டியதுபோல் கறுத்துக் கிடந்தன. ஒரு மூலையில் செத்துப்போன திசு. செல் பிரிதலைப் பத்துப் புலத்தில் எண்ணினேன், மூன்று கிடைத்தது.

நான்காவது ஸ்லைடு பி16. சிடிகேஎன்2ஏ என்ற மரபணு தயாரிக்கும், 16 கிலோடால்டன் எடையுள்ள புரதம் அது. செல் பிரிவதற்கு பிரேக் போடுவது அதன் வேலை. பிரேக்கின் மறுமுனையில் உள்ள ஆர்பி புரதம் கெட்டுப்போனால், செல் பி16-ஐ மேலும் மேலும் தயாரித்துக்கொண்டே இருக்கும், வண்டியோ நிற்காது. அதனால்தான் தசைப் புற்றுகளில் பெரும்பாலும் பி16 ஸ்லைடு முழுக்கப் பழுப்பாகிவிடும். இந்த ஸ்லைடும் பழுப்புதான். கோரமான உட்கரு, செத்த திசு, பி16. முதல் ரிப்போர்ட்டை எழுதியவர் அந்தச் சந்தேகத்துக்கு வந்ததில் தவறு சொல்ல மாட்டேன்.

ஆனால் பி16 இன்னொரு இடத்திலும் இப்படிப் பழுப்பாகும். விகார உட்கருக்கள் கொண்ட ஒரு வகை நார்க்கட்டி உண்டு. பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும் சாதுவாகவே நடந்துகொள்ளும். அதிலும் பி16 பலமாக நிறமேறுவது தெரிந்த சங்கதி. ஆக, பி16 மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது.

9 சென்டிமீட்டர் கட்டிக்கு மூன்று துண்டு மட்டுமே எடுத்திருந்தார்கள் என்பது என்னை அடுத்து உறுத்தியது. சந்தேகமான கட்டியில் சென்டிமீட்டருக்கு ஒரு துண்டாவது எடுக்க வேண்டும். மீதித் திசு இருக்கிறதா என்று விசாரித்ததில், அறுவை நடந்த இடத்திலேயே ஒரு பிளாஸ்டிக் ஜாடியில் இருந்தது. கணவர் அடுத்த நாளே போய் வாங்கிவந்தார்.

ஜாடியைத் திறந்ததும் விஷயம் புரிந்தது. கருப்பையை வெட்டித் திறக்காமல் முழு உருண்டையாக உள்ளே இறக்கியிருந்தார்கள். திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் அதன் பாதியைத்தான் மூடியிருந்தது. ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் ஊறும், ஆழம் போகப்போக இன்னும் மெதுவாகும். திசுவின் அளவைப்போல் பத்து மடங்காவது ஃபார்மலின் வேண்டும், பெரிய உறுப்பை உடனே கீறித் திறந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் பதமாகும், நடு அழுகும். நடுவில் அழுகிய திசுவில் செல் பிரிதலை எண்ணினாலும் குறைத்தே காட்டும், புரதங்களும் சிதைந்துபோகும். அறுவை அரங்கில் இரண்டு நிமிடம் பிடிக்கும் வேலை இது. அந்த இரண்டு நிமிடம் இல்லாமல் எங்களிடம் வரும் கருப்பைகளை எண்ணினால் வருத்தம்தான் மிஞ்சும்.

கட்டியின் விளிம்பிலிருந்தும் நடுவிலிருந்தும் பன்னிரண்டு துண்டுகள் எடுத்தேன்.

செத்த திசு சொன்னது

புற்றில் வரும் திசு மரணத்துக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. உயிருள்ள செல்களும் செத்த செல்களும் கத்தியால் கீறிய கோடுபோல் சட்டென்று பிரியும். ரத்தக் குழாயைச் சுற்றி மட்டும் உயிருள்ள செல்கள் வளையமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்த ஓட்டம் தடைபட்டு நேரும் மரணம் வேறு மாதிரி. செத்ததற்கும் உயிருள்ளதற்கும் நடுவே ஆறிவரும் புண்ணில் காணும் திசு, பிறகு தழும்பு. செத்த செல்கள் வெளிறிப்போன நிழல்களாகத் தெரியும்.

புதிய துண்டுகளில் நான் பார்த்தது இரண்டாவது வகை. எட்டு மாதம் சாப்பிட்ட ட்ரானெக்ஸாமிக் ஆசிட், உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் தடுத்து ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து. அதைச் சாப்பிடுபவர்களின் நார்க்கட்டிகளில் இப்படிப்பட்ட மரணம் காணப்படுவதுண்டு. மருந்து விவரம் திசுவோடு வந்த படிவத்தில் இல்லை. கணவரிடம் மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆக, மூன்று கேள்விகளில் ஒன்றுக்கு மட்டுமே இப்போது ஆம். இன்னும் சில புரதங்களைக் கேட்க வேண்டியிருந்தது. கையில் இருக்கும் பணத்துக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். கீ-67, பி53, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்று மூன்றை எழுதினேன்.

வெற்று ஸ்லைடு

கீ-67 என்பது பிரியும் செல்களில் மட்டும் தெரியும் புரதம். ஜெர்மனியின் கீல் நகரத்தில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். இந்தக் கட்டியில் நூறு செல்லுக்கு நான்கைந்து, ஆறிவரும் புண்ணின் ஓரத்தில் கொஞ்சம் கூடுதல். புற்றில் பொதுவாக இதைவிட நிறைய இருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நன்றாக நிறமேறியிருந்தது. தசைப் புற்றுகளில் பல அந்த ஏற்பியை இழந்துவிடும், எல்லாம் இழப்பதில்லை. இரண்டு சாட்சிகளும் சாது என்றே சொன்னார்கள்.

பி53 ஸ்லைடு முழு வெறுமையாக வந்தது.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பி53 செல்லின் காவலாளி. காவலாளி நலமாக இருந்தால் செல்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, சிலதில் அடர்த்தியாகவும் சிலதில் வெளிறியும் நிறமேறும். அதன் மரபணு கெட்டுப்போனால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். எல்லாச் செல்லும் கறுக்கும், அல்லது ஒரு செல்லில்கூட நிறமிருக்காது. அந்த வெறுமைதான் புற்றின் பக்கம் சாய்க்கும் வெறுமை. ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது, அந்தக் கணவருக்கு என்ன சொல்வது என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு ரத்தக் குழாய்களைத் தேடினேன். கட்டிக்குள் ஓடும் குழாயின் உட்சுவர்ச் செல்களும், அங்கங்கே இருக்கும் நிணச் செல்களும் கட்டியைச் சேர்ந்தவை அல்ல. அவற்றில் நல்ல பி53 கொஞ்சமாவது இருந்தாக வேண்டும். கட்டி வெறுமையாக இருந்து குழாய்ச் செல்லில் நிறம் இருந்தால், கட்டி புரதத்தை இழந்துவிட்டது என்று நம்பலாம். இந்த ஸ்லைடில் குழாய்ச் செல்லிலும் நிறமில்லை. நிணச் செல்லிலும் இல்லை. அப்படியானால் அந்தத் துண்டே பேசவில்லை. பிளாக்கின் எண்ணைப் பார்த்தேன். கட்டியின் நட்ட நடுவிலிருந்து, ஃபார்மலின் எட்டாமல் அழுகிய இடத்திலிருந்து எடுத்தது. நான் தேர்ந்தெடுத்த பிளாக்தான், என் தவறுதான்.

விளிம்பிலிருந்து எடுத்த பிளாக்கில் மறுபடி போடச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வந்த ஸ்லைடில் பி53 அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒழுங்காக இருந்தது. அன்று மாலை கணவருக்கு போன் செய்து, "கீமோவுக்குத் தேதி வாங்காதீங்க, நான் இன்னும் பார்த்துட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் எல்எம்பி2 என்ற புரதத்தையும் இப்படி, இல்லாமல் போவதே தசைப் புற்றைக் காட்டும் அடையாளமாக முன்வைத்திருக்கிறார்கள். அது இல்லாமல் வளர்த்த பெண் எலிகளுக்குக் கருப்பைத் தசைப் புற்று தானாகவே வந்ததைக் கண்டுதான் அந்த ஆய்வு தொடங்கியது. இன்னும் அது அன்றாட ஆய்வகத்துக்கு வரவில்லை. வந்தாலும், இல்லாமையை வைத்துச் சொல்லும் அடையாளம் என்பதால் அதற்கும் குழாய்ச் செல்லின் சாட்சி தேவைப்படும்.

இன்னொரு இல்லாமை

நன்றாகப் பதமான விளிம்புத் துண்டுகளைச் சாவகாசமாகப் பார்க்கும்போது, அவசரத்தில் தவறவிட்டவை கண்ணில் பட்டன. பெருத்த உட்கருவுக்குள் செக்கச்சிவந்த நியூக்ளியோலஸ் என்னும் புள்ளி, அதைச் சுற்றி வெள்ளை வளையம். கலைமானின் கொம்புபோல் கிளைபிரிந்த ரத்தக் குழாய்கள். செல்லுக்குள் இளஞ்சிவப்பு உருண்டைகள். மூன்றும் சேர்ந்தால் ஒரு பெயர் ஞாபகம் வர வேண்டும்: ஃபியூமரேட் ஹைட்ரடேஸ்.

நாம் சாப்பிடும் சோறு ஆற்றலாக மாறும் கிரெப்ஸ் சுழற்சியில் ஒரு படி, ஃபியூமரேட்டை மாலேட்டாக மாற்றுவது. அதைச் செய்யும் நொதி இது. நொதி இல்லாவிட்டால் ஃபியூமரேட் செல்லுக்குள் தேங்கும். தேங்கிய ஃபியூமரேட், ஆக்ஸிஜன் தட்டுப்பாடு வந்துவிட்டதாகச் செல்லை நம்ப வைத்து, வளரத் தூண்டும். நார்க்கட்டிகளில் ஏறக்குறைய நூற்றில் ஒன்று இந்த நொதியை இழந்தது. விகார உட்கரு கொண்ட நார்க்கட்டிகளில் அந்தப் பங்கு மிக அதிகம்.

அந்த நொதிக்கான நிறமேற்றலைக் கேட்டேன். ஸ்லைடு வந்தது. கட்டிச் செல்கள் அத்தனையும் வெறுமை. இந்த முறை குழாய்ச் செல்களில் பழுப்புப் பொடி தூவியதுபோல் நிறம் தெளிவாக இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத இழப்பு. இரண்டு சின்னக் கட்டிகளிலும் அதே இழப்பு.

என் ரிப்போர்ட்: ஃபியூமரேட் ஹைட்ரடேஸ் இழந்த நார்க்கட்டிகள். புற்று அல்ல. கீமோவும் மறு அறுவையும் தேவையில்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: நோயாளியை நேரில் அழைத்து வரவும்.

மார்கழிக் குளிரில் வலிக்கும் முடிச்சுகள்

இந்த நொதியைக் கட்டி மட்டும் தனியாக இழந்திருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் சிலருக்குப் பிறவியிலேயே அதன் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாக இருக்கும். அவர்களுக்குக் கருப்பையில் சின்ன வயதிலேயே நார்க்கட்டிகள், தோலில் தசை முடிச்சுகள், சிலருக்குச் சிறுநீரகத்தில் புற்று. ஃபியூமரேட் ஹைட்ரடேஸ் மரபணுதான் காரணம் என்று 2002-ல் கண்டறிந்தார்கள். 34 வயது, பல கட்டிகள் என்பதால்தான் நேரில் பார்க்க நினைத்தேன்.

நோயாளி தன் அம்மாவோடு வந்தார். விரல் நுனிகள் முந்திரி ஓட்டு எண்ணெயால் கறுத்திருந்தன. "தோல்ல கட்டி முடிச்சு ஏதாவது இருக்காம்மா?" என்றதும் இடது கை ரவிக்கையைச் சுருட்டிக் காட்டினார். மேல்கையில் மிளகு அளவில் ஏழெட்டுச் சிவந்த முடிச்சுகள் கொத்தாக இருந்தன.

"இதுவா? கொட்ட எண்ண பட்டு வந்தது டாக்டரம்மா. மார்கழில பச்சத்தண்ணி ஊத்துனா உயிரு போவும்."

முந்திரி எண்ணெய் தோலைச் சுடும், கொப்பளிக்க வைக்கும், அது உண்மை. ஆனால் மேல்கையில் மட்டும் கொத்தாக, ஆண்டுக்கணக்கில் ஆறாமல், குளிர்பட்டால் வலிக்கும் முடிச்சுகளை அது உண்டாக்காது. தோல் மருத்துவர் ஒன்றை எடுத்து அனுப்பினார். மயிர்க்காலை ஒட்டிய சின்னத் தசையில் வளரும் கட்டி.

அம்மா அதுவரை பேசவில்லை. பிறகு சொன்னார்: "எனக்கும் முப்பத்திரண்டுலயே எடுத்துட்டாங்க. மூத்தவளுக்கு முப்பதுல." அந்த அம்மாவின் தம்பி? "அவன் புயல் வந்த வருஷம் போய்ட்டான். கிட்னில கட்டின்னாங்க. நாப்பது வயசு."

ஒரு குடும்பத்தில் மூன்று பெண்களுக்குக் கருப்பை போனது, ஒரு தாய்மாமன் போனார். அம்மா, அக்கா இருவரின் ரிப்போர்ட்டுகளிலும் நார்க்கட்டி என்ற ஒரே சொல்தான் இருந்திருக்கும். அதைத் தவறென்று சொல்ல முடியாது.

மரபணு ஆலோசனைக்குப் பின் ரத்தம் அனுப்பப்பட்டது. ஒரு பிரதியில் நோய் உண்டாக்கும் பிழை உறுதியானது. இத்தகைய சிறுநீரகப் புற்று சின்ன அளவிலேயே பரவக்கூடியது என்பதால், வளரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க இடமில்லை. அல்ட்ராசவுண்டில் தப்பிவிடலாம், ஆண்டுக்கு ஒரு எம்ஆர்ஐ வேண்டும். நோயாளிக்கும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் எடுத்த முதல் எம்ஆர்ஐயில் சிறுநீரகம் சுத்தமாக இருந்தது.

வெளியே மருத்துவர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு இங்கே பதில். இந்த நொதியின் நிறம் ஏறியிருந்தால் பரம்பரைப் பிழை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. சில பிழைகளில் புரதம் இருக்கும், வேலை மட்டும் செய்யாது. ஸ்லைடில் பழுப்பாகவே தெரியும். அங்கே தேங்கிய ஃபியூமரேட் மற்றப் புரதங்களில் ஒட்டிக்கொண்ட தடயத்தைக் காட்டும் 2எஸ்சி என்ற இன்னொரு நிறமேற்றல் உதவும், ஆனால் அது கிடைக்கும் ஆய்வகங்கள் குறைவு. உட்கருவும் வயதும் குடும்பக் கதையும் ஒரு பக்கம் இழுத்தால், ஸ்லைடு என்ன சொன்னாலும் ரத்தத்தை அனுப்புங்கள்.

பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பிழை வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சிறுநீரகக் கண்காணிப்பை எட்டுப் பத்து வயதிலேயே தொடங்கச் சொல்கிறார்கள். சின்னப் பெண்ணுக்குப் பதினொன்று. மகளுக்குச் சோதனை வேண்டுமா என்று அவர் நான்கு முறை யோசித்தார், ஐந்தாம் முறை சரி என்றார். மகளுக்குப் பிழை இல்லை. மூத்த மகனுக்கு இருக்கிறது.

நோயாளிக்கு ஒரு தம்பி உண்டு, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அவருக்குக் கருப்பை இல்லாததால் ரத்தப்போக்கு வந்து எச்சரிக்காது. மூன்று மாதம் போனில் கூப்பிட்டும் "எனக்கு என்னக்கா, நல்லாத்தானே இருக்கேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவரை அக்காவே கையைப் பிடித்துப் புதுச்சேரிக்கு அழைத்துவந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னேன். வலது தோள்பட்டையில் நான்கு முடிச்சுகள். அன்றே ரத்தம் எடுத்தோம், வெள்ளிக்கிழமை எம்ஆர்ஐக்கு எழுதிக் கொடுத்தேன்.